உப்புக்காற்றில் கம்பளிக் கோட்டு

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புத்தளம் வீதி, மகா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டத்தினுள் புகுகிறது. அங்கிருந்து இடப்புறம் கடலும் வலப்புறம் தென்னந்தோப்புகளுமாக வழி நீள்கிறது. வென்னப்புவ, மாரவில, மகாவெவ, சிலாபம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முந்தலைத் தாண்டியதும் பசுமை மெல்லக் குறைந்து, முட்புதரும் மணலும் உப்பளமுமாக நிலம் மாறிவிடுகிறது. பாலாவியில் இடப்புறம் திரும்பினால், ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் களப்புமாகக் கற்பிட்டிக் குடாநாடு கிடக்கிறது. இப்பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ் வரை இருக்கும். கரைவலை இழுப்பவருக்கு ஒரு சாரமும் தலைத்துண்டும் போதும். இத்தகைய கரையில் நின்றுகொண்டு, பனிக்கால உடுப்பைப் பற்றிப் பேசப் புகுவது உப்பளக்காரரிடம் குடை விற்கப் போவதைப் போன்றதே.

ஆயினும் பேசவேண்டியிருக்கிறது. இக்கரையோரத்து வீடுகளில் அலுமாரியைத் திறந்தால், சேலைகளுக்கும் சாரங்களுக்கும் பின்னால் ஒரு தடித்த கம்பளிக் கோட்டு தொங்குவதைக் காணலாம். வென்னப்புவவையும் அதனைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் கிராமங்களையும் "சின்ன இத்தாலி" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இத்தாலிக்குச் சென்றவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடிவீடுகள் வீதியின் இருமருங்கிலும் நிற்கின்றன. அவ்வீடுகளின் கோட்டுகளிற் பெரும்பாலானவை மிலானோவிலும் ரோமாபுரியிலும் வாங்கியவை. சிலாபத்துக்கு அப்பால், உடப்பு போன்ற தமிழ் ஊர்களிலும் புத்தளம் நகரிலும், லண்டனிலிருந்து மைத்துனரோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த ஆங்கிலநாட்டுக் கோட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். இக்கரை நெடுங்காலமாகப் பார்த்துப் பழகிய உடுப்பு அது. ஆனாலும் அதன் பிறவிக்குணத்தை நாம் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கம்பளித் துணிக்குத் தமிழில் "சகலாத்து" என்றொரு பழைய சொல் உண்டு. இன்று அகராதியிலன்றி வழக்கில் அதனைக் காண்பது அரிது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் நாட்டுச் சகலாத்தைக் கப்பல் கப்பலாகக் கீழைத்தேசங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வெயில் எரிக்கும் நாடுகளில் அதனை உடுப்பார் அதிகமில்லை. அரசர்களும் பிரபுக்களும் வாங்கி யானைக்குப் போர்வையாக்கினார்கள், பல்லக்குக்கு விரிப்பாக்கினார்கள். உடம்பில் அணிந்தவர்கள் அதிகாரத்தின் அடையாளமாக அணிந்தார்கள்.

இலங்கையில் அப்படி அணிந்தவர்கள் முதலியார்கள். 1795இல் கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆனால் உள்ளூர்த் தலைவர்களுக்குப் பட்டமும் அதற்கேற்ற உடையும் கொடுத்து ஆளும் முறை மாறவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீண்ட அங்கி, அதன் ஓரங்களிற் பொற்சரிகைப் பின்னல், வரிசையாகப் பொத்தான்கள், கீழே கம்பாயம், இடையிலே வாள். எந்தப் பதவிக்கு எந்தத் துணி, எத்தனை சரிகை என்பதெல்லாம் அக்காலத்தில் அற்ப விஷயமல்ல; வழக்காடத்தக்க விஷயம்.

கற்பிட்டி என்றதும் சைமன் காசிச்செட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. 1807இல் அவ்வூரிற் பிறந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, புத்தளத்தில் மணியகாரராகவும் முதலியாராகவும் இருந்து, சட்ட நிரூபண சபையிலும் அமர்ந்து, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணிபுரிந்தவர். 1834இல் இலங்கையின் இடங்களையெல்லாம் அகரவரிசையில் விவரிக்கும் நூலை வெளியிட்டார்; 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் "தமிழ் புளூட்டாக்" என்ற பெயரில் எழுதினார். அவர் உத்தியோகம் பார்த்த நாட்களில் கோட்டு என்பது குளிருக்கான ஆடையன்று. அரசாங்கம் ஒரு மனிதனின் தோளில் வைத்த கை. வியர்வை ஆறாய்ப் பெருகினாலும் அதைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வராது.

முதலியார் பதவி போயிற்று. கோட்டு போகவில்லை; கலியாண வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இக்கரையோரத்துத் தேவாலயங்களில் சித்திரை வெயிலில் நடக்கும் திருமணங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலில் இளநீர்க் கோம்பை மிதப்பதுபோலக் கரிய கோட்டுக்குமேல் மாப்பிள்ளையின் தலை மட்டும் தெரியும், கழுத்துப்பட்டி இறுக்கும், கைக்குட்டை நனையும். படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருந்து, முடிந்ததும் நண்பர்கள் கூடி அவரை அதிலிருந்து விடுவிப்பார்கள். அதன்பின் கோட்டு அலுமாரிக்குள் போய்விடும். தம்பிக்கு ஒருமுறை, மச்சானுக்கு ஒருமுறை இரவலாக வெளியே வரும்.

இவ்வாறு இருநூறு ஆண்டுகளாக, பிறர் பார்ப்பதற்காகவே நாம் கோட்டை அணிந்து வந்திருக்கிறோம். ஆகவே, அது பிரபுக்களின் உடுப்பு என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. உண்மை வேறு. ஆங்கிலநாட்டின் பேர்பெற்ற குளிருடைகளிற் பல, சீமான்களின் மாளிகையிலன்றி மீனவர் குடிசையிலும் நெசவாளர் வீட்டிலும் மாலுமிகளின் தளத்திலும் பிறந்தவை. உடப்பில் அம்பாப் பாட்டுடன் கரைவலை இழுப்பவருக்கும் அவ்வுடைகளை முதலில் அணிந்தவருக்கும் உள்ள உறவு, முதலியாருக்கும் அவற்றுக்கும் உள்ள உறவைவிட நெருங்கியது.

மீனவரின் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலநாட்டின் கிழக்குக் கரையிலும் ஸ்கொத்லாந்தின் துறைமுகங்களிலும் அதனைக் "கான்சி" என்பார்கள். கடும் முறுக்கேறிய கம்பளி நூலைப் பல ஊசிகளில் ஏற்றி, உடம்பைச் சுற்றி வட்டமாக, பக்கத் தையலே இல்லாமற் பின்னுவார்கள். பின்னல் நெருக்கமாயிருப்பதாற் காற்று எளிதில் நுழையாது. அலைச்சாரல் பட்டால் வழிந்துவிடும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கை தூக்கி வலை இழுக்க வசதியாகக் கக்கத்தில் ஒரு சதுரப் பின்னல் வைத்திருப்பார்கள். கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிப் பின்னுவதன் காரணம் இன்னும் அழகானது. முதலிற் தேய்வது மணிக்கட்டுப் பக்கம். தேய்ந்த பகுதியை மட்டும் பிரித்துப் புதிய நூலாற் பின்னிவிடலாம். இதையெல்லாம் யோசித்தவர்கள் மீனவரின் மனைவியரும் தாய்மாருமே. கரையில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

இனி எண்ணெய்ச் சட்டை. பாய்க்கப்பல் ஓட்டிய மாலுமிகள், நனைந்த பாய் காற்றை நன்றாகப் பிடிப்பதைக் கண்டு, பாய்த்துணியில் ஆளிவிதை எண்ணெயைத் தடவிப் பார்த்தார்கள். தண்ணீர் உட்புகவில்லை. பழைய பாயை வெட்டித் தங்களுக்கு மேலங்கி தைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு வந்தது. 1894இல் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமான சௌத் ஷீல்ட்ஸில் ஜோன் பார்பர் என்பவர் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த் துணியுடுப்பு விற்கத் தொடங்கினார். (பெயரைப் பார்த்து முடிதிருத்தும் நிலையம் என்று எண்ணிவிட வேண்டாம்.) அவர் தொடங்கிய நிறுவனத்தின் மெழுகுச் சட்டைகள் இன்றும் அவ்வூரிலேயே தைக்கப்படுகின்றன. நம் களப்புக்கரையில் என்ன செய்தார்கள்? நைலோன் வருமுன், கண்டல் மரத்தின் பட்டையை அவித்து, அந்தச் செஞ்சாற்றிற் பருத்தி வலையை ஊறவைத்தார்கள். உப்புத்தண்ணீரில் நூல் அழுகாமல் இருப்பதற்காக. அங்கே எண்ணெய், இங்கே மரப்பட்டை. கடலோடு மல்லுக்கட்டிய இரு கரையாரும் துணியைக் காக்க எடுத்துக்கொண்ட முயற்சி ஒன்றுதான். நமது வலை வலையாகவே நின்றுவிட்டது. அவர்களுடைய பாய், குளிர் மிகுந்த காரணத்தால், சட்டையாயிற்று.

ஹாரிஸ் ட்வீட்டின் வரலாறு நெசவாளர்களின் வரலாறு. ஸ்கொத்லாந்துக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் காற்றெல்லாம் வந்து மோதும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் மரங்கள்கூட அதிகமில்லை, செம்மறியாடுகள் உண்டு. அத்தீவு மக்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்த முரட்டுத் துணி அது. பாறைகளிற் படரும் கற்பாசியைச் சுரண்டி, அவித்து, செம்பழுப்புச் சாயம் எடுத்தார்கள். தூரத்திற் பார்த்தால் ஒரே பழுப்பாகத் தோன்றும் துணி, அருகிற் பார்த்தால் பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று பல வண்ணத் துளிகளாகச் சிதறும். நூலாக நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயமேற்றிக் கலந்துவிடுவதால் வரும் அழகு அது. போலிகள் பெருகியபோது 1909இல் ஒரு சங்கம் அமைத்து, உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரையைப் பெற்றார்கள். 1993இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. தீவிலேயே சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியைக் கொண்டு, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கைத்தறியில் நெய்து, தீவிலேயே பதப்படுத்திய துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும். மகாவெவவில் வீதியோரத்துப் பத்திக் துணிகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றுக்கும் இப்படி ஒரு சட்டம் வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாணவர்களுக்குப் பிடித்தமானது டஃபல் கோட்டு. பெயர் பெல்ஜியத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். கோட்டு ஆங்கிலக் கடற்படையின் கோட்டு. தடித்த கம்பளியைச் சுருங்கவைத்துக் கட்டியாக்கிய துணி, தலையை மூடும் முக்காடு, பொத்தானுக்குப் பதிலாக மரக்கட்டையும் கயிற்று வளையமும். கையுறை போட்ட விரலாலும் மாட்டிக் கழற்றலாம் என்பதே அந்தக் கட்டையின் பெருமை. இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிந்தபின் எஞ்சிய கோட்டுகள் மலிவாக விலைக்கு வந்தன. மாணவர்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 1958இல் அணுவாயுதத்தை எதிர்த்து லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தவர்களில் அதை அணிந்திருந்தவர்கள் பலர். யுத்தக் கப்பலிற் பிறந்த உடுப்பு சமாதான ஊர்வலத்திற்குப் போனது வேடிக்கையான சங்கதி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். ஆங்கிலக் கடையின் பெயர் கழுத்தடியில் தைத்திருப்பதால் மட்டும் அது ஆங்கிலநாட்டில் ஆன உடுப்பு என்று ஆகிவிடாது. கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியதிலிருந்து, இலங்கைப் பெண்கள் ஆங்கிலக் கடைகளுக்காகத் தைத்துக் குவித்த உடுப்புகளுக்குக் கணக்கில்லை. இக்கரைக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் அவ்வேலைக்குப் போயிருக்கிறார்கள். அண்ணன் லண்டனிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த சட்டையை, தங்கை உட்புறம் திருப்பிப் பார்த்து, இலங்கையில் ஆனது என்று வாசித்துச் சிரித்த கதை ஒன்றிரண்டு வீடுகளில் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தையல் நன்றாகவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன ட்வீட்டும் மெழுகுச் சட்டையும் அந்த ஊர்களின் கைப்பழக்கத்தோடு ஒட்டியவை. உண்மையானதா என்று பார்க்க விரும்புவோர், கடையின் பெயரை விட்டு, எங்கே ஆனது என்ற சின்ன எழுத்தை வாசிக்க வேண்டும்.

இது வெறும் ரசனைக்குரிய பேச்சன்று. இக்கரையிலிருந்து பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். படிக்கவும் உழைக்கவும் போகிறார்கள். நகையை அடகு வைத்து, தென்னங்காணியை விற்று அனுப்பும் குடும்பங்கள், கடைசியாகக் கோட்டு வாங்கக் கடைக்குப் போகின்றன. அங்கேதான் பழைய முதலியார் நினைப்பு வந்து குறுக்கே நிற்கிறது. சிலாபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாயார், மகன் கார்த்திகை மாதத்தில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, கருகருவென்று மினுங்கும் கோட்டும் காற்சட்டையும் தைப்பித்துக் கொடுத்தார். விமானத்திலிருந்து இறங்கும்போது பிள்ளை கௌரவமாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். செயற்கை நூற்துணி அது. போய்ச் சேர்ந்த முதற் கிழமையே பையன் இருமிக்கொண்டு படுத்துவிட்டான். பக்கத்து அறையில் இருந்த யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் தம்முடைய பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். தாயாரிடம் இதைப் பையன் இரண்டு வருடம் சொல்லவில்லை.

குளிர் என்பது நாம் நுவரெலியாவில் இரண்டு நாள் அனுபவிப்பதைப் போன்றதன்று. லண்டனில் தை மாதச் சராசரி வெப்பம் ஐந்து பாகை அளவில் இருக்கும். அதைவிடக் கொடியது, அதனோடு கூடவரும் ஈரமும் காற்றும். கம்பளி நூல் சுருள் சுருளானது. சுருள்களுக்கிடையே சிறைப்படும் காற்றே உடம்பின் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் அது தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். ஆகையால் உள்ளே ஒரு மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளிப் பின்னற் சட்டை, அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று என்று மூன்றாக அணிவதே அந்நாட்டு மீனவர் கண்ட வழி. மினுக்கமான ஒற்றைக் கோட்டைவிட இது பத்து மடங்கு மேல். பணம் குறைவானால், போன பிறகு அங்கேயே, பழைய உடுப்பு விற்கும் தருமக் கடைகளில் வாங்குவது நல்லது. நல்ல கம்பளி இரண்டாவது மனிதனுக்கும் முதலாமவனுக்கு உழைத்ததுபோலவே உழைக்கும். கௌரவம் பார்த்து அந்தக் கடைக்குள் நுழையாமல் நடுங்குவதுதான் அகௌரவம்.

இனி, திரும்பி வரும் கோட்டின் கதை. நம் கரையில் அதற்கு மூன்று பகைவர்: அந்துப்பூச்சி, பூஞ்சணம், உப்பு. அந்துவின் புழு கம்பளியைத் தின்னும். அதிலும் வியர்வையும் சோற்றுக்கறையும் பட்ட இடத்தை முதலில் தேடும். எனவே பூச்சியுருண்டைக்கு முன்னால் சுத்தமே மருந்து. தூரிகையால் துலக்கி, கறையைக் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்தி வைக்கவேண்டும். வெந்நீரில் ஊறவைத்துக் கல்லில் அடித்தால், கம்பளி நூலின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சுருங்கி, அப்பாவின் கோட்டு பத்து வயதுப் பிள்ளைக்கு அளவாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைப்பது பலருடைய பழக்கம். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. பழைய பருத்திச் சேலையிற் சுற்றி, உலர்ந்த வேப்பிலை போட்டு மரப்பெட்டியில் வைத்தால் மூச்சுவிடும். மெழுகுச் சட்டை மட்டும் இந்நாட்டுக்கு ஒத்துவராது. வெப்பத்தில் மெழுகு இளகி, பக்கத்திலிருக்கும் பட்டுவேட்டியையும் பதம் பார்த்துவிடும். அதைத் தனியே தொங்கவிடுவதே விவேகம்.

கோட்டுகளை வெளியே எடுத்துக் காற்றாட விட உகந்த காலம், கற்பிட்டிப் பக்கத்தில் தென்மேற்குக் காற்று மழையின்றி வீசும் ஆனி, ஆடி மாதங்கள். அதே காற்றை நம்பி ஐரோப்பியர்கள் கற்பிட்டிக்கு வந்து, பெரிய பட்டங்களை இடுப்பிற் கட்டிக்கொண்டு களப்பின் மீது வழுக்கி விளையாடுகிறார்கள். அவர்கள் இங்கே வந்து உடுப்பைக் களைகிறார்கள். நாம் அங்கே போய் அவர்கள் உடுப்பை மாட்டிக்கொள்கிறோம்.

தலவில அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்டுத் திருவிழாவுக்கும், உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கும், முன்னேஸ்வரத்து உற்சவத்துக்கும் வெளிநாட்டிலுள்ளவர்கள் விடுமுறையில் வருவது அந்நாட்களிற்றான். பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். பெட்டிகள் முற்றத்துக்கு வரும். கடற்கரையை அடுத்த வளவொன்றில், இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டிய கயிற்றில் ஒரு ட்வீட் கோட்டு தொங்கக் கண்டேன். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தது. உள்ளே உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை மங்காமல் இருந்தது. தகப்பனார் லண்டனில் இருபது வருடம் போட்டது என்று வீட்டுக்காரம்மா சொன்னார். புரட்டாதியில் அதை எடுத்துக்கொண்டு போகவிருக்கும் மகன், கீழே கரையில் மற்றவர்களோடு சேர்ந்து வலைக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். தோளிற் சட்டை இல்லை.